ஈஸ்டாட் நகரத்துப் போலீஸ்காரர்

ஸ்வீடனின் தென்கோடியில் ஒரு பண்ணை வீடு. 1990 ஜனவரியில் ஒரு வயதான தம்பதி அங்கே வெறித்தனமாகத் தாக்கப்படுகிறார்கள். கணவர் அங்கேயே இறந்துபோகிறார். மனைவி மருத்துவமனையில் கண்மூடும் முன் முனகியது, தாக்கியவர்கள் வெளிநாட்டவர் என்பதுபோல் கேட்கிறது. இது வெளியே தெரிந்தால் அகதிகளுக்கு ஆபத்து என்று ஈஸ்டாட் நகர இன்ஸ்பெக்டர் குர்ட் வலாண்டர் அஞ்சுகிறார். செய்தி கசிந்தே விடுகிறது. அகதிகள் முகாமில் தீ வைக்கிறார்கள். குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத சோமாலியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார்.

ஸ்வீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல் 1991இல் வெளியிட்ட முதல் வலாண்டர் நாவல் இது. மொசாம்பிக்கின் மாபுட்டோ நகரில் பல ஆண்டுகள் நாடகம் இயக்கியவர் மான்கெல். ஸ்வீடனில் பெருகிவந்த வெளிநாட்டவர் வெறுப்பைப் பற்றி எழுத நினைத்தார். அதற்காகவே ஒரு போலீஸ்காரரைப் படைத்தார். குற்றக்கதை வழியே சமூகத்தை விசாரிக்கும் இந்தப் பாதையை, மார்ட்டின் பெக் என்ற போலீஸ்காரரை வைத்து 1965 முதல் 1975 வரை 10 நாவல்கள் எழுதிய ஷோவால், வாலூ இணையர் ஸ்வீடனில் முன்பே போட்டிருந்தார்கள்.

வலாண்டரிடம் மேதைத்தனம் எதுவும் கிடையாது. மனைவி மோனா பிரிந்துவிட்டார். மகள் லிண்டாவுடன் பேச்சு அறுந்து அறுந்து ஒட்டுகிறது. ஓவியரான அப்பா, ஒரே நிலக்காட்சியைத்தான் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரைகிறார். மகன் போலீஸில் சேர்ந்ததை அவர் மன்னிக்கவே இல்லை. கண்ட நேரத்தில் கண்டதைத் தின்று, தூக்கம் கெட்டு, நடுவயதில் வலாண்டருக்குச் சர்க்கரை நோய் வருகிறது. தாகமும் சோர்வும் வாட்ட, சோதனை செய்துகொள்ளப் பயந்து நாள் கடத்தும் அந்த மனிதரை வாசகர் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்.

ஆனால் இந்த நாவல்களின் உண்மையான பலம் அந்தச் சோகம் அல்ல, வேலைதான். காலைக் கூட்டங்கள், பழைய வாக்குமூலங்களை மறுபடி படிப்பது, வீடு வீடாகப் போய் விசாரிப்பது, பலன் தராத பத்துத் தடயங்கள். ஒரு கொலையைத் துப்புத்துலக்க எத்தனை பேரின் பொறுமை தேவை என்பதை மான்கெல் அவசரப்படாமல் காட்டுகிறார்.

அந்தப் பொறுமையை மான்கெலே கைவிடும்போதுதான் வலாண்டர் சறுக்குகிறார். இரண்டாவது நாவலில் பொய்ப் பெயரில் ரகசியமாக லாட்வியாவுக்குப் போகிறார். நான்காவதில் கோடீஸ்வரன் ஒருவனின் கோட்டைக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறார். அத்தனை பக்கங்களில் ஒரு குழு கட்டியெழுப்பிய வழக்கு, கடைசியில் ஒற்றை நாயகனின் சாகசமாகச் சுருங்குவது ஏமாற்றமே. அண்டை நாட்டின் உளவு வலைகளும், மண்டேலாவைக் கொல்லும் சதியும் ஈஸ்டாட் போன்ற சிறு நகரத்தின் காவல் நிலையத்துக்கே வந்து சேர்வதை நம்புவதும் சிரமம்.

வலாண்டரின் குணத்திலும் குறை உண்டு. முதல் நாவலில் குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறார். ரோந்தில் இருந்த சக போலீஸார் பிடித்தும், வழக்குப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். பாவம், நொந்த மனிதர் என்று வாசகரும் கடந்துபோகிறார். அப்படிக் கடக்கக் கூடாது; அதே தவறைச் செய்த ஒரு சாதாரண ஓட்டுநருக்கு இந்தச் சலுகை கிடைத்திருக்காது. 2009இல் வந்த கடைசி நாவலில், குடிபோதையில் துப்பாக்கியை உணவகத்திலேயே விட்டுவிட்டு வருகிறார். இம்முறை மூடி மறைக்க யாரும் முன்வரவில்லை. துறை விசாரணை அவர்மீதே பாய்கிறது.