உங்களுக்குத் தெரியுமா? புகைபோக்கியும் தீப்பிடிக்கும்!
ஜவ்வாது மலையின் பழைய புல்வேய்ந்த வீடுகளில் விறகடுப்புக்குப் புகைபோக்கி வைத்துவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. ஈர விறகின் புகை குழாய்க்குள் குளிர்ந்து, தார் போன்ற கரியாகப் படியும். அது பற்றிக்கொண்டால் குழாயை ஒட்டிய கூரைப்புல்லும் எரியும். எனவே குழாயை மண்சுவர் வழியே வெளியே எடுத்து, கூரையைத் தொடாமல், முகட்டைவிட உயர்த்தி நிறுத்துவதே நல்லது. ‘புகை பட்டால்தானே கூரையில் பூச்சி அரிக்காது?’ என்று கேட்கலாம். சரிதான், ஆனால் அதே புகை அடுப்படியில் நிற்பவரின் நுரையீரலையும் கெடுக்கிறது. கூரையை மறுபடி வேய்ந்துகொள்ளலாம், நுரையீரலை முடியாது. புகைபோக்கி வைத்தால் மட்டும் போதாது, பராமரிப்பும் வேண்டும்: மத்திய அரசு 1983இல் தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில், பராமரிப்பின்றிப் பல அடுப்புகள் வீணாயின. ஆகவே காய்ந்த விறகை எரிப்பதும், குழாயில் படியும் கரியை அவ்வப்போது சுரண்டி எடுப்பதும் அடுப்பு கட்டுவதைப் போலவே முக்கியம்.