இலக்கு இலாப விற்பனை அளவு

இலக்கு இலாப விற்பனை அளவு என்பது, ஓர் உற்பத்தி நிறுவனம் முன்கூட்டியே தீர்மானித்த இலாபத்தை ஈட்ட எத்தனை அலகுகளை விற்க வேண்டும் என்பதைக் குறிக்கும். இது செலவுக் கணக்கியலில் பயன்படும் ஒரு கணிப்பு ஆகும்.

கணிக்கும் முறை

வாடகை, நிரந்தரப் பணியாளர் சம்பளம் போன்று உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாதவை நிலையான செலவுகள். மூலப்பொருள் போன்று ஒவ்வோர் அலகுடனும் கூடுபவை மாறும் செலவுகள். ஓர் அலகின் விலையிலிருந்து அதன் மாறும் செலவைக் கழித்தால் எஞ்சுவது பங்களிப்பு எனப்படும்.

விற்பனை அளவு = (நிலையான செலவு + இலக்கு இலாபம்) ÷ ஓர் அலகின் பங்களிப்பு

இலக்கு இலாபம் சுழியம் எனில் கிடைப்பது இலாப நட்டமற்ற புள்ளி.

எடுத்துக்காட்டாக, மின்விசிறி ஒன்றின் விலை ரூ. 1,500, மாறும் செலவு ரூ. 1,100, மாத நிலையான செலவு ரூ. 6,00,000 எனக் கொள்வோம். பங்களிப்பு ரூ. 400. எனவே 1,500 மின்விசிறிகள் விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ரூ. 2,00,000 இலாபம் வேண்டுமெனில் 2,000 விற்க வேண்டும். இலக்கு வரிக்குப் பிந்தைய இலாபமாகத் தரப்பட்டால், முதலில் அதை வரிக்கு முந்தைய தொகையாக மாற்ற வேண்டும். மாணவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

விலையை ரூ. 100 குறைத்தால் பங்களிப்பு ரூ. 300 ஆகிறது, அதே இலாபத்திற்கு 2,667 மின்விசிறிகள் தேவை. விலைக் குறைப்பு ஏழு விழுக்காட்டிற்கும் குறைவு. தேவைப்படும் விற்பனையோ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது.

டிரைஸ்டார் வானூர்தி

இலக்கு இலாபத்தை எவ்வளவு என்று கொள்வது? ஐக்கிய அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் 1971 இல் தனது டிரைஸ்டார் பயணிகள் வானூர்தித் திட்டத்திற்காக 25 கோடி டாலர் வங்கிக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கோரியது. 195 முதல் 205 வானூர்திகள் விற்றால் இலாப நட்டமற்ற புள்ளியை எட்டலாம் என்று அந்நிறுவனம் கூறியது. செனட் அவை ஒரே வாக்கு வேறுபாட்டில் ஒப்புதல் அளித்தது.

முதலீடு செய்த பணம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடப்பதற்கான ஈடு அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதாவது, முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய் சுழியம் என்று கொள்ளப்பட்டது. பொருளியலாளர் ஊவே ரைன்ஹார்ட் 1973 இல் இதனைச் சுட்டிக்காட்டினார். மூலதனத்திற்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வருவாய் தேவை எனக் கொண்டால் ஏறத்தாழ 500 வானூர்திகள் விற்க வேண்டியிருக்கும்.

வானூர்தித் தொழிலில் பணியாளர் பழகப் பழக மாறும் செலவு குறைவதால், மேற்கண்ட எளிய வாய்பாடு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மையே. உற்பத்தியை முடித்துக்கொள்வதாக லாக்ஹீட் 1981 இல் அறிவித்தது. கட்டப்பட்டவை மொத்தம் 250 வானூர்திகள். நிறுவனம் கூறிய எண்ணிக்கையைத் தாண்டியும் திட்டம் பெரும் நட்டத்தில் முடிந்தது.