குற்றத்தையும் மனத்தையும் சேர்த்துப் படித்தல்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் பங்கு அலுவலகத்திற்கு வரும் பெற்றோர், பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பல கேள்விகளைக் கொண்டு வருகின்றனர். மருத்துவம், பொறியியல், வணிகவியல் என்றிருந்த பட்டியலில் அண்மைக் காலமாக இரண்டு புதிய பெயர்கள் சேர்ந்துள்ளன. ஒன்று உளவியல், மற்றொன்று குற்றவியல். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று பிள்ளை சொன்னால் வீட்டில் ஒரு கலக்கம் ஏற்படுகிறது. "இது என்ன படிப்பு சாமி, திருடனைப் பற்றிப் படிக்கிறதா? பொம்பளைப் பிள்ளைக்கு இது தேவையா?" என்பதுதான் பெரும்பாலும் வரும் கேள்வி. இந்தப் படிப்பு எதைப் பற்றியது, யாருக்குப் பயன்படும் என்பதை இவ்வாரம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மாட்டுத்தாவணியைச் சுற்றி வாழும் நமக்கு இது அந்நியமான பொருள் அல்ல. ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை கூடிய இந்த இடத்தில் 1999-ஆம் ஆண்டு பேருந்து நிலையம் வந்தது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மேலூர்ச் சாலையில் திறக்கப்பட்டது. அன்று முதல், தென் மாவட்டங்களிலிருந்து வந்து இறங்கி, வழக்குக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஒத்தக்கடைப் பக்கம் போகும் நகரப் பேருந்தைத் தேடும் மக்களை நாம் அன்றாடம் பார்த்து வருகிறோம். அவர்களில் கொலையுண்டவரின் தாயும் உண்டு, கொலை செய்தவரின் தாயும் உண்டு. ஒரே பேருந்தில் வந்திறங்குவதும் உண்டு. இந்த இரு தாய்மாருக்கும் என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது, இனி என்ன செய்யலாம் என்று கேட்பதே இந்தப் படிப்பு.

குற்றவியல் என்பது சட்டப் படிப்பு அல்ல. எந்தச் செயலுக்கு என்ன தண்டனை என்பதைச் சட்டம் சொல்லும். குற்றம் ஏன் நடக்கிறது, எந்த ஊரில், எந்த வயதில், எந்தச் சூழலில் மிகுதியாக நடக்கிறது, தண்டனை பெற்றவர் திருந்துகிறாரா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது என்பவற்றைக் குற்றவியல் ஆராய்கிறது. உளவியலோ தனி மனிதரின் மனத்தைப் படிக்கிறது. கோபம், அச்சம், நினைவு, பழக்கம், மனநோய் எல்லாம் அதில் அடங்கும். குற்றவியல் ஊரைப் பார்க்கிறது, உளவியல் ஆளைப் பார்க்கிறது என்று எளிமையாகச் சொல்லலாம். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்? இதற்கு விடை தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் மதுரை மண்ணிலேயே அந்த வரலாறு இருக்கிறது.

1871-ஆம் ஆண்டு ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஒரு குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்தவர் எல்லாரும் பிறவிக் குற்றவாளிகள் என்பதே அதன் அடிப்படை. முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மதுரைப் பகுதியின் பிரமலைக் கள்ளர் மக்கள் இதன் கீழ் பதிவு செய்யப்பட்டனர். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல்துறையின் கண்காணிப்பில் இருக்க வேண்டும், வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றே சொல்வர். எந்தக் குற்றமும் செய்யாத மனிதர், தன் சாதியின் காரணமாகவே, மனைவி மக்களை விட்டு இரவில் காவல் நிலையத்தில் படுத்திருந்தார். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் உசிலம்பட்டிக்கு அருகில் உள்ள பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர்.

அந்த நாளில் இதை அறிவியல் என்றே பலர் நம்பினர் என்பதுதான் வேதனையானது. இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர் லொம்ப்ரோசோ 1876-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மண்டையோட்டின் அமைப்பையும் தாடையையும் காதையும் அளந்து பிறவிக் குற்றவாளியை அடையாளம் காணலாம் என்று எழுதினார். அவருடைய நூலுக்கு முன்பே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆகவே அவரைப் பார்த்து இது எழுதப்படவில்லை. ஆயினும் இரண்டும் ஒரே மனப்போக்கின் பிள்ளைகள். பின்னர் இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, மற்ற மக்களோடு ஒப்பிட்டு, அப்படி ஒரு தனி உடலமைப்பே இல்லை என்று 1913-ஆம் ஆண்டு காட்டினார். அறிவியல் தன் தவறைத் தானே திருத்திக்கொண்டது. ஆனால் பெருங்காமநல்லூரில் மக்கள் சுடப்பட்டது அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு! தவறென்று ஆராய்ச்சி காட்டிய கருத்தும் அரசாங்கக் கோப்பில் நெடுநாள் உயிரோடு இருக்கும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

இம்மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர்களுள் ஒருவர், கேரளத்தின் செங்ஙன்னூரில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராகப் பணியாற்றிய ஜார்ஜ் ஜோசப். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் முடிவுக்கு வந்தது. சீர்மரபினர் என்ற சொல் அங்கிருந்தே வந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளை இன்றும் பார்க்கலாம். குற்றவியல் படிக்க விரும்பும் நம் பிள்ளைகள் லொம்ப்ரோசோவைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் முன் ஒருமுறை பெருங்காமநல்லூர் நினைவிடத்திற்குப் போய் வருவது நல்லது என்பது நம் கருத்து. "அந்தத் தெருப் பையன்களே அப்படித்தான்" என்று நாமே இன்றும் போகிற போக்கில் சொல்வதில்லையா?

இனி உளவியல் பக்கம் வருவோம். நீதிமன்றத்தில் "நான் என் கண்ணால் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால் அதைவிட வலுவான சாட்சியம் வேறில்லை என நாம் நினைக்கிறோம். 1974-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் ஓர் எளிய சோதனை செய்தார். கார் விபத்துப் படம் ஒன்றைச் சிலருக்குக் காட்டினார். பிறகு ஒரு பிரிவினரிடம் "கார்கள் மோதியபோது என்ன வேகம்?" என்றும், மற்றொரு பிரிவினரிடம் "கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்றும் கேட்கப்பட்டது. பார்த்த படம் ஒன்றே. ஆயினும் இரண்டாம் பிரிவினர் கூடுதல் வேகத்தைச் சொன்னார்கள். கேள்வியில் இருந்த ஒரு சொல் நினைவையே மாற்றிவிட்டது. சாட்சி பொய் சொல்லவில்லை, மனம் அவரை அறியாமலே திருத்தி எழுதிவிட்டது. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் என்று பின்னாளில் விடுதலையானவர்களின் வழக்குகளில் பெரும்பாலானவற்றில், நேரில் பார்த்தவர் ஆளைத் தவறாக அடையாளம் காட்டியிருந்தார் என்பது தெரிய வந்துள்ளது. விசாரணை அதிகாரி எப்படிக் கேட்க வேண்டும், சிறு பிள்ளையிடம் எப்படிக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் இந்தப் படிப்பில் வருகிறது.

இளைஞர்கள் பற்றிய ஆய்வு நம் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது. குற்றச் செயல்கள் பதின்ம வயதின் பிற்பகுதியில் உச்சத்தை அடைந்து, இருபதுகளில் இறங்கிவிடுகின்றன என்பதைப் பல நாட்டுப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. டெரி மொஃபிட் என்ற உளவியலாளர் 1993-ஆம் ஆண்டு இதனை விளக்கினார். பெரும்பாலானோர் நண்பர்களோடு சேர்ந்து அந்த வயதில் மட்டும் தவறுகின்றனர், வேலை, திருமணம் என்று வந்தவுடன் நின்றுவிடுகின்றனர். மிகச் சிலரே சிறுவயது முதல் முதுமைவரை அதே பாதையில் செல்கின்றனர். இவ்விரு வகையினரையும் பிரித்தறியத் தெரியாமல் எல்லாரையும் ஒரே இடத்தில் அடைத்தால், தானாகத் திருந்தக்கூடியவனுக்கும் கெட்ட பயிற்சி கொடுத்து அனுப்பியதாகிவிடும். திருவிழாவில் நடந்த அடிதடிக்குப் பிறகு ஒரு பதினேழு வயதுப் பையனின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் சேர்ந்துவிட்டால், அந்தக் குடும்பம் எப்படி உடைந்துபோகிறது என்பதை நம் கிராமங்களில் கண்டிருக்கிறோம்.

இங்கேதான் இந்த இரு படிப்புகளும் சட்டத்தின் வாசலில் சந்திக்கின்றன. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஒவ்வொரு இளைஞர் நீதிக் குழுமத்திலும் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பர். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 16 வயது நிறைந்து 18 வயது நிறையாத ஒருவர் மிகக் கொடிய குற்றம் செய்ததாகக் கூறப்பட்டால், அவரை வயது வந்தோரைப் போல விசாரிக்க அனுப்பலாமா என்று குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்ய வேண்டும். குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவைப் புரிந்துகொண்டாரா, எந்தச் சூழ்நிலையில் செய்தார் என்பவை அதில் பார்க்கப்படும். குழந்தை உளவியலில் அல்லது மனநல மருத்துவத்தில் பட்டம் பெற்று அத்தொழிலில் இருப்பவர் குழுமத்தில் இல்லையெனில், அத்தகைய வல்லுநரின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்று 2022-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் இளைஞனின் இருபது ஆண்டு வாழ்வு அந்த அறிக்கையில் அடங்கியிருக்கிறது! அதனை எழுதத் தகுதியுள்ளவர்கள் நம் மாவட்டங்களில் எத்தனை பேர்? பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்ப இந்த ஒரு காரணமே போதும் என்போம்.

சிறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறையிலிருப்போரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். 2022-ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் இன்னும் தண்டிக்கப்படாதவர்கள். ஜெபமாலையும் ஆறுதலும் கொண்டு செல்லும் சிறைப்பணிக் குழுவினர், உள்ளே மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் போதைப் பழக்கத்தையும் சந்திக்கின்றனர். அங்கே நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநலச் சிகிச்சை அமைப்பு இருக்க வேண்டும் என்கிறது.

பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்டுக் குற்றவாளியையே பேசிக்கொண்டிருக்கிறோமோ என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். பாதிக்கப்பட்டோர் இயல் என்ற தனிப் பிரிவே இதற்காக வளர்ந்துள்ளது. அதை இந்தியாவில் வளர்த்தவர்களுள் நம் தமிழகத்தின் பேராசிரியர் கே. சொக்கலிங்கம் முக்கியமானவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் பேராசிரியராக இருந்து, பின்னர் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர் அவர். குற்றவாளி பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும் பாதிக்கப்பட்டவருக்கு அரசே இழப்பீடு வழங்கும் திட்டம் 2009-ஆம் ஆண்டு சட்டத்தில் சேர்ந்தது. இன்று புதிய குற்ற நடைமுறைச் சட்டத்திலும் அது இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

திரைப்படங்களும் தொடர்களும் ஏற்படுத்தும் மயக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முகத்தைப் பார்த்தவுடன் கொலையாளியைக் கண்டுபிடிக்கும் நிபுணர் படத்தில்தான் இருக்கிறார். ஊசி போட்டு உண்மையை வரவழைக்கும் நார்கோ சோதனையை, சம்பந்தப்பட்டவரின் இசைவின்றிச் செய்யக் கூடாது என்று 2010-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிவிட்டது. பொய் கண்டறியும் கருவிக்கும் அதே தீர்ப்புப் பொருந்தும். உண்மையான வேலை பெரும்பாலும் உட்கார்ந்து கேட்பதும், அறிக்கை எழுதுவதும், புள்ளியியல் கணக்கும்தான். கணக்கைக் கண்டு ஓடிவந்து கலைப்பிரிவில் சேர நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு படிப்பிலும் புள்ளியியல் உண்டு.

எங்கே படிப்பது? இங்கிலாந்தில் இரண்டையும் ஒரே பட்டமாக வழங்கும் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. நம் நாட்டில் அந்த வழக்கம் குறைவு. இளங்கலையில் உளவியலும் முதுகலையில் குற்றவியலும் படிப்பது நாம் பரிந்துரைக்கும் வழி. திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் நெல்லை போய்விடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் துறை உண்டு. குஜராத்தில் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம், 2020-ஆம் ஆண்டு தேசிய நிலைக்கு உயர்த்தப்பட்டது. அங்கே தடய உளவியலும் கற்பிக்கப்படுகிறது. 2022-ஆம் ஆண்டு முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு வழி செய்துள்ளது உண்மைதான். ஆயினும் களப்பணி மிகுந்த இவ்விரண்டையும் ஒரே மூச்சில் படிப்பதைவிட ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதே நல்லது.

ஒரு செய்தியைப் பெற்றோர் மறவாமல் கேட்டறிய வேண்டும். எம்.ஏ. உளவியல் முடித்தவுடன் ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடமாட்டார். அதற்கு இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்றுக்கொண்ட பயிற்சியும் பதிவும் தேவை. விளம்பரத் தாளில் இதனைச் சிறிய எழுத்தில்கூடப் போடாத நிறுவனங்கள் உண்டு. ஆகவே கல்லூரியில் பணம் கட்டும் முன், இந்தப் பட்டம் எந்தப் பதிவுக்குச் செல்லும், களப்பணிக்கு எந்தச் சிறைக்கு அல்லது எந்த இல்லத்திற்கு அனுப்புவீர்கள், உடன் வந்து வழிநடத்துபவர் யார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.