கீழே குளிர்ந்தால் மேலே அடையுங்கள்

டொராண்டோவில் அக்டோபர் பிறந்தால், ஜன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் தாள் ஹார்டுவேர் கடைகளின் வாசலுக்கே வந்துவிடும். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் புதிதாக வீடு வாங்கிய நம்மவர்களும் ஆளுக்கு இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது என்றால் முதலில் ஜன்னல்தான் கண்ணில் படுகிறது. அதில் தப்பில்லை. ஆனால் ஜன்னல் மூன்றாவது, நான்காவது வேலை. முதல் வேலை எது, ஏன் என்று நிதானமாகப் பார்ப்போம்.

பழி ஏன் ஜன்னல் மேல் விழுகிறது? வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும் ஓர் இரவில், திரைச்சீலையை நன்றாக விலக்கிவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கண்ணாடி அருகே பிடித்துப் பாருங்கள். புகை கண்ணாடியை ஒட்டிக் கீழே வழியும். வெளிக்காற்று நுழைகிறது என்றுதான் தோன்றும். பல சமயம் அப்படி ஒன்றும் நடந்திருக்காது. அறைக்குள் இருந்த காற்றே கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. அது நம் கணுக்காலில் படும்போது ஜன்னல் ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அதே ஊதுபத்தியோடு பேஸ்மெண்டுக்கு இறங்குவோம். கான்கிரீட் சுவர் முடிந்து மரச்சட்டம் தொடங்கும் இடத்தில் பிடித்தால் புகை நம் பக்கம் வீசும். பிறகு மேல்மாடிக்கு ஏறி, அட்டிக்குக்குப் போகும் மூடியின் விளிம்பில் பிடிப்போம். அட்டிக் என்பது மேல்மாடியின் உட்கூரைக்கும் பனி விழும் வெளிக்கூரைக்கும் நடுவே உள்ள வெற்றிடம். இங்கே புகை இடுக்குக்குள் இழுபட்டுக் காணாமல் போகும். ஆக, கீழே காற்று உள்ளே வருகிறது. மேலே வெளியே போகிறது.

காரணம் எடைதான். 21 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. மைனஸ் 15 டிகிரியில் அதே அளவு காற்று ஏறத்தாழ 1.37 கிலோ. நடுத்தரமான இரண்டு மாடி வீட்டுக்குள் 500 கன மீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், அது சுமார் 600 கிலோ. வெளியே அதே இடத்தை அடைக்கும் காற்று 680 கிலோவைத் தாண்டும். இலேசான சூட்டுக்காற்று மேலே ஏறி, கிடைத்த ஓட்டை வழியாக வெளியேறுகிறது. காலியான இடத்தை நிரப்பக் கனத்த குளிர்காற்று கீழிருந்து நுழைகிறது. இதற்குக் கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் புகைபோக்கி விளைவு.

எல்லோரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். குளிர் தானாக உள்ளே வருவதாக நினைத்து, வருகிற இடத்தையே அடைத்துக்கொண்டிருக்கிறோம். அது வருவதே மேலே போன காற்றுக்கு ஈடாகத்தான். இளநீரில் போட்ட உறிஞ்சுகுழலின் மேல்வாயை விரலால் மூடிக்கொண்டு தூக்கினால், கீழ்வாய் திறந்திருந்தும் நீர் சொட்டாது. விரலை எடுத்ததும் கொட்டிவிடும். வீட்டிலும் மேல்வாயை மூடினால் கீழ்வாயின் ஓட்டம் தளர்ந்துவிடும். பேஸ்மெண்டில் கால் விறைப்பதற்கான வைத்தியம் இரண்டு மாடி மேலே இருக்கிறது.

அந்த மேல்வாய் ஒரே ஓட்டையாக இருப்பதில்லை. அட்டிக் மூடியின் விளிம்பு, உட்கூரையில் பதித்த விளக்குகள், குளியலறை மின்விசிறி, மின்கம்பியும் கழிவுக்குழாயும் மேலே ஏறும் துளைகள், உட்சுவர்களின் உச்சி என்று சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கும். மூடிக்கு ரப்பர் பட்டை, சிறு துளைகளுக்குக் காக் என்ற அடைப்புப் பசை, பெரியவற்றுக்கு நுரை போதும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாயைச் சுற்றி மட்டும் சாதாரண நுரை ஆகாது. தகடும் தீ தாங்கும் பூச்சும் வேண்டும்.

"அட்டிக்கில்தான் இன்சுலேஷன் இருக்கிறதே" என்று கேட்கலாம். அந்த இளஞ்சிவப்புக் கண்ணாடி இழைப் பஞ்சைத் தூக்கிப் பார்த்தால் அங்கங்கே கறுத்திருக்கும். அது பூஞ்சை என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் வீட்டுத் தூசிதான்: வருடக்கணக்கில் காற்று பஞ்சுக்குள் புகுந்து போக, அழுக்கு மட்டும் தங்கியிருக்கிறது. பஞ்சு வெப்பம் கடப்பதைத் தாமதப்படுத்தும், காற்றை நிறுத்தாது. எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதைச் சொல்வதுதான் ஆர் மதிப்பு. ஒண்டாரியோவில் இப்போது கட்டும் வீடுகளின் அட்டிக்குக்கு ஆர் 60 வரை போடுகிறார்கள். காகிதத்தூள் இன்சுலேஷன் என்றால் ஏறத்தாழ 16, 17 அங்குல உயரம். பழைய வீடுகளில் இதில் பாதிகூட இருக்காது. முதலில் ஓட்டையை அடைத்து, பிறகு அதன்மேல் நிரப்ப வேண்டும். பழைய வீட்டில் பஞ்சுக்குப் பதில் பளபளக்கும் சிறு துணுக்குகளாக வெர்மிகுலைட் கிடந்தால் கை வைக்காதீர்கள். அதில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும்.

நம் வீடு எப்படி என்பதைத் தெருவில் நின்றே ஓரளவு சொல்லிவிடலாம். பனி பெய்த மறுநாள் அக்கம்பக்கத்துக் கூரைகளில் வெள்ளை அப்படியே இருந்து, நம் கூரையில் மட்டும் திட்டுத்திட்டாக உருகியிருந்தால், நாம் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது. உருகிய நீர் கூரை ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டும். பின்னால் தேங்கும் நீர் ஓடுகளுக்கடியில் புகுந்து உட்கூரையில் கறை போடும். அட்டிக் குளிர்ந்திருப்பதுதான் சரி. அதனால் கூரை ஓரத்தில் உள்ள காற்றுத்துளைகளைப் பஞ்சால் அடைத்துவிடக் கூடாது.

இந்தப் பாடத்தைக் கனடா எப்போதோ கற்றுக்கொண்டது. 1977இல் ஹரால்ட் ஓர் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் சஸ்காட்சவன் மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் ஒரு வீடு கட்டினார்கள். மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகிற ஊரில், அதில் ஃபர்னஸே கிடையாது. பருத்த சுவர், கனத்த கூரை, காற்று கசியாத உறை ஆகியவற்றை நம்பி எழுந்த வீடு அது. மிகக் குறைந்த எரிசக்தியில் வீட்டைச் சூடாக வைக்க, பிற்பாடு ஜெர்மனியில் உருவான பாசிவ்ஹவுஸ் முறைக்கு அது ஒரு முன்னோடி.

அந்த வீட்டில் இன்னொன்றும் இருந்தது: வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி. வீட்டை இறுக்கினால் காற்றோட்டத்தை நாமேதான் கொடுக்க வேண்டும். இட்லி வேகும், சாம்பார் கொதிக்கும், துணி காயும். அந்த ஈரம் போக வழியில்லை என்றால் ஜன்னலில் வடிந்து பூஞ்சை பிடிக்கும். அடுப்பின் மேலுள்ள விசிறியும் குளியலறை விசிறியும் வீட்டுக்கு வெளியே ஊத வேண்டும், அட்டிக்குக்குள் அல்ல. எரிவாயு ஃபர்னஸ் உள்ள வீட்டில், படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

மற்ற வேலைகள் சின்னவை. தோட்டக் குழாயைக் கழற்றி, வெளிக்குழாய்க்கு வரும் நீரை உள்ளேயே நிறுத்தி, வெளியே திறந்துவிட வேண்டும். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருத்துக் குழாயைப் பிளந்துவிடும். ஃபர்னஸ் ஃபில்டரை மாற்ற வேண்டும். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபர்னஸ் குழாய்களைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டிக்கில் ஏற நம்மால் முடியாவிட்டால் ஆளைக் கூப்பிடலாம். விலை பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "இன்சுலேஷன் போடுவதற்கு முன்னால் ஓட்டைகளை அடைப்பீர்களா?" "அதெல்லாம் தேவையில்லை, பஞ்சே போதும்" என்று பதில் வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.