பெயர்கள் இருந்தால்தான் கணக்கு
தகவல் நம் உரிமை – 7

சென்ற வாரம் அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைத் தந்து ஸ்வீடன் 1766-இல் கொண்டுவந்த சட்டத்தைப் பார்த்தோம். அது நாடாளுமன்ற விவாதத்தில் உருவான சட்டம். இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ கூலித் தகராறில் பிறந்தது.

ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைக்குப் போன ஜனங்களுக்கு அரசு அறிவித்த கூலி முழுதாகக் கைக்கு வரவில்லை. கேட்டால், “நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது” என்றார்கள். ஏட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம். இந்த இடத்தில்தான் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, யார் எத்தனை நாள் வேலை செய்து எவ்வளவு கூலி வாங்கினார் என்று எழுதிய அந்த ஏட்டை, அதாவது மஸ்டர் ரோலைக் கையில் எடுத்தது. 1990 மே 1-இல் தொடங்கிய அமைப்பு அது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர், 1970-களின் நடுவில் ஐ.ஏ.எஸ். பதவியை உதறிவிட்டு கிராமத்துக்குப் போனவர்.

1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. மனமிருந்த ஓர் அதிகாரியின் உதவியால் கிடைத்த ஆவணங்களை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். பெயர், வேலை செய்த நாள், வாங்கிய கூலி, கைநாட்டு. ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்கக் கூட்டத்திலிருந்து ஆட்கள் எழுந்தார்கள். அந்த வேலைக்கு நான் போகவே இல்லை என்றார் ஒருவர். பட்டியலில் இருப்பவர் ஊரைவிட்டே போய்விட்டார் என்றார் இன்னொருவர். கூரையும் கதவும் இல்லாமல் நின்ற பட்வாரி (கிராமக் கணக்கர்) அலுவலகக் கட்டடம் ஏட்டில் முடிந்துபோன வேலையாக இருந்தது.

தொகையை மட்டும் படித்திருந்தால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். ‘இந்தப் பணிக்கு இத்தனை ஆயிரம் செலவு’ என்பதை எந்த ஊர்க்காரர் மறுக்க முடியும்? பெயர் வந்ததால்தான் திருட்டு பிடிபட்டது.

ஏடுகளின் நகலைக் கேட்டு அதே அமைப்பு 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா நாற்பது நாள் நீடித்தது. அங்கிருந்து கோரிக்கை நாடெங்கும் பரவியது. தகவல் அறியும் உரிமைக்கான சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் தமிழ்நாடுதான், 1997-இல். ஆனால் விதிவிலக்குகளை அடுக்கியதால் அது மக்களுக்குப் பெரிதாக உதவவில்லை. வலுவான மத்தியச் சட்டம் 2005 அக்டோபர் 12-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவு தனிமனிதர் அந்தரங்கத்தை முன்பே காத்து வந்தது. பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத சொந்த விவரத்தைத் தர வேண்டியதில்லை. பொதுநலன் இருந்தால் தரலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் உடனிருந்தது. நியாயமான ஏற்பாடு. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவை அத்தனையையும் எடுத்துவிட்டு, ‘தனிநபர் தகவல்’ என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் அமலுக்கும் வந்தது.

மஸ்டர் ரோலில் இருப்பது தனிநபர் பெயர். ரேஷன் பட்டியலில், வீட்டு மானியப் பட்டியலில், ஒப்பந்தக்காரர் பில்லில், அதில் கையெழுத்திட்ட பொறியாளர் விவரத்தில் இருப்பதும் அதுவே. இவற்றை மறைத்தால் கோட் கிரானாவில் நடந்தது போன்ற விசாரணை இனி எந்த ஊரிலும் சாத்தியமில்லை. இந்தத் திருத்தம் தவறு. திரும்பப் பெறப்பட வேண்டும்.

அதுவரை நம் கையில் 8(2) பிரிவு இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது அது. மனு எழுதும்போதே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்பதையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். ‘தனிநபர் தகவல்’ என்று மறுத்து பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.