கசந்தால் வயிறு ஏன் விழித்துக்கொள்கிறது?

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் சன்னிதிக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. காலி மனைகளில் தானாக முளைக்கிற அதே எருக்குதான். சித்த மருந்துகளில் சேர்கிற செடி அது. ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் கண் புண்ணாகிவிடும்.

எருக்கைப் போல நஞ்சுள்ள செடிகள் பலவும் கசக்கும். அதனால்தான் கசப்பைக் கண்டுபிடிக்க மட்டும் நம் உடலில் சுமார் 25 வகை உணர்விகள் இருக்கின்றன. இனிப்புக்கு ஒரே வகைதான்! பாகற்காயைக் கண்டு நீங்கள் முகம் சுளிப்பதைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளின் நாக்குக்குக் கசப்பு கூடுதலாகவே உறைக்கும்.

இப்போது நிலவேம்பைப் பாருங்கள். பெயர்தான் வேம்பு, உறவோ ஆடாதோடையோடு. இடுப்பளவு வளரும். தண்டை விரல்களால் உருட்டினால் நான்கு பட்டைகள் தட்டுப்படும். வெள்ளைப் பூவின் இதழில் ஊதாத் தீற்றல் இருக்கும். இலையில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருள்தான் அந்தக் கடுங்கசப்புக்குக் காரணம்.

கசப்பு நாக்கில் பட்டதும் செய்தி மூளைக்குப் போகிறது. வாயில் எச்சில் ஊறுகிறது, இரைப்பையில் செரிமான நீர் சுரக்கத் தொடங்குகிறது. கசப்பு உணர்விகள் இரைப்பையிலும் குடலிலும்கூட உண்டு. வயிறு மந்தமாக இருந்தால் பாட்டி கசப்புக் கஷாயம் வைப்பது இதனால்தான்.

டெங்கு பரவும் காலங்களில் அரசு மருத்துவமனைகளில் தரும் நிலவேம்புக் குடிநீரில் சுக்கு, மிளகு, வெட்டிவேர் என மொத்தம் ஒன்பது சரக்குகள் சேர்கின்றன. பொடியை நீரில் போட்டு, நாலில் ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்சி வடிகட்டுவார்கள். ஆவியாகிப் போவது பெரும்பாலும் தண்ணீர்தான். கசப்புப் பொருள் பாத்திரத்திலேயே தங்கிவிடும். ஆகவே அந்தக் குடிநீரை டீ மாதிரி டம்ளர் டம்ளராகக் குடிக்கக் கூடாது. அளவு மீறினால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். காலையில் காய்ச்சியதை மறுநாளுக்கு எடுத்துவைக்கவும் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டிகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். நிலவேம்பும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடியது. உங்களுக்கு எவ்வளவு என்பதைச் சித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அரும்பாக்கம் அறிஞர் அண்ணா இந்திய மருத்துவ மருத்துவமனையிலும் கேட்கலாம். ரோட்டோரச் செடியைப் பறித்து நீங்களே காய்ச்சாதீர்கள். வயிறு கடுமையாக வலித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ கஷாயத்துக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.