வரைபடங்களுக்குப் படக்குறிப்பு அமைத்தல்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதி ஊர்ப்பெயர்களை முன்வைத்து

1. முன்னுரை

மொழியியல் ஆய்வுக் கட்டுரைகளில் கிளைப்படங்களும் வட்டார வழக்கு வரைபடங்களும் சான்றுகளாகவே இடம்பெறுகின்றன. அச்சான்றைப் படிப்போர் எவ்வாறு கொள்ள வேண்டும் என்பதை வரையறுப்பது படத்தின் கீழ் அமையும் படக்குறிப்பு ஆகும். படக்குறிப்பு பிழைபட்டால் சான்றும் பிழைபடும். லேடெக் என்னும் அச்சுக்கோப்புக் குறிமொழியில், வரைந்த படங்களுக்குத் தமிழில் படக்குறிப்பு அமைக்கும் முறையையும் அதில் எழும் மொழிச் சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டிய ஊர்களின் பெயர்கள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

2. லேடெக்கில் படக்குறிப்பு

டொனால்டு நூத் 1978இல் வெளியிட்ட டெக் நிரலின்மீது லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டமைத்ததே லேடெக். கேரளத்தில் இதற்கு நல்ல வேரூன்றல் உண்டு. இந்திய டெக் பயனாளர் குழு 1998இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. உலக டெக் பயனாளர் குழுவின் 2002ஆம் ஆண்டு மாநாடும் அங்கேயே நடைபெற்றது. ஜோனதன் கியூ 2004இல் வெளியிட்ட சீடெக், யூனிகோடு எழுத்துருக்களை நேரடியாகக் கையாள வழிசெய்தது. அதன்பின் தமிழ்ப் பாடத்தை ஒலிபெயர்ப்புக் குறியீடுகளின் துணையின்றித் தமிழ் எழுத்திலேயே உள்ளிட முடிந்தது.

லேடெக்கில் படம் 'ஃபிகர்' என்னும் சூழலுக்குள் வைக்கப்படுகிறது. இச்சூழல் ஒரு மிதவை. பக்கத்தில் இடம் உள்ள இடத்திற்குப் படம் தானே நகரும். 'கேப்ஷன்' கட்டளை மூன்று பணிகளைச் செய்கிறது: படத்திற்கு வரிசை எண் தருகிறது, குறிப்பை அச்சிடுகிறது, அதனைப் படப் பட்டியலுக்கும் அனுப்புகிறது. குறிப்பு நீண்டதாயின் சதுர அடைப்புக்குள் அதன் சுருக்க வடிவத்தைத் தரலாம். பட்டியலில் அச்சுருக்கமே இடம்பெறும்.

படத்திற்கு அடையாளப் பெயர் இடும் 'லேபிள்' கட்டளை 'கேப்ஷன்' கட்டளைக்குப் பின்னரே வரவேண்டும். எண்ணைக் கூட்டுவது 'கேப்ஷன்' ஆதலால், 'லேபிள்' முன்னே வந்தால் படத்தின் எண்ணுக்கு மாறாக அப்பகுதியின் எண்ணையே அது பற்றிக்கொள்ளும். நிரல் பிழை எதனையும் அறிவிப்பதில்லை. தவறான எண் அச்சேறிய பின்னரே புலப்படும்.

படக்குறிப்பைப் படத்தின் உள்ளே ஓர் எழுத்துவரியாக வரைந்துவிடுவதும் உண்டு. அவ்வாறு செய்தால் எண்ணும் பட்டியலும் கிட்டா. மேலும் முழுப்படத்தையும் சுருக்கும் கட்டளைகள் எழுத்தையும் சேர்த்தே சுருக்கும். தமிழில் புள்ளியும் கொம்பும் சிறுத்து மங்கினால் ஒரு சொல் வேறொரு சொல்லாகவே படிக்கப்படும். எனவே படத்தினுள் ஊர்ப்பெயர் போன்ற குறும்பெயர்கள் மட்டுமே நிற்க, விளக்கம் முழுவதும் 'கேப்ஷன்' கட்டளைக்குள் அமைதல் வேண்டும்.

3. எல்லைப்பகுதி ஊர்ப்பெயர்கள்

1956 நவம்பர் 1இல் கேரள மாநிலம் அமைந்தபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு முதலிய தமிழ் வழங்கும் வட்டங்கள் அம்மாநிலத்தில் அடங்கின. இங்குள்ள ஊர்கள் பலவற்றிற்கு இரண்டு வடிவங்கள் வழங்குகின்றன. தமிழில் கொழிஞ்சாம்பாறை, உடும்பன்சோலை, மூணாறு, குமுளி எனப்படுபவை மலையாளத்தில் முறையே கொழிஞ்ஞாம்பாற, உடும்பன்சோல, மூன்னார், குமளி எனப்படுகின்றன.

இவ்வேறுபாடுகளில் பெரும்பாலானவை ஒழுங்கானவை. பாறை : பாற, சோலை : சோல என்பவற்றில் தமிழ் ஐகார ஈற்றுக்கு மலையாள அகர ஈறு நேர்நிற்கிறது. ஞ்ச : ஞ்ஞ என்பது, ஏ. ஆர். ராஜராஜ வர்மா கேரளபாணினீயத்தில் (1896) அனுநாசிகாதிப்ரசரம் எனப் பெயரிட்ட மூக்கொலி மாற்றம். மஞ்சள் : மஞ்ஞள் என்பதும் அதுவே. மூணாறு, மூன்னார் ஆகிய இரண்டும் மூன்று என்னும் எண்ணுப்பெயரிலிருந்து வந்தவை. முன்னது பேச்சுத்தமிழ் மூணு என்பதையும், பின்னது மலையாள மூன்னு என்பதையும் காட்டுகின்றன.

ஆங்கில மூலத்திலிருந்து இப்பெயர்களைப் பெயர்த்தெழுதும் மொழிபெயர்ப்பாளர் இங்கே இடர்ப்படுவார். உரோமன் எழுத்தில் ஞ்ச, ஞ்ஞ இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. ஆகவே வரைபடத்தில் 'கொழிஞ்ஞாம்பாற' என்று மட்டும் எழுதி, படக்குறிப்பில் ஏதும் கூறாது விட்டால், அவ்வூர்த் தமிழர் பேச்சில் ஐகார ஈறு மறைந்தது என்று ஆய்வாளர் கொள்ள இடமுண்டு. எழுத்துப்பெயர்ப்பு ஒன்று வழக்குச் சான்றாக மாறிவிடுகிறது. இதனைத் தவிர்க்கப் படக்குறிப்பு பின்வருமாறு அமையலாம்: 'பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதி ஊர்ப்பெயர்கள். மேலே தமிழ் வடிவம். கீழே மலையாள எழுத்து வடிவத்தின் தமிழ்ப் பெயர்ப்பு.' பட்டியலுக்குரிய சுருக்கமாக முதல் தொடர் போதுமானது.

4. குறுக்குச் சுட்டும் வேற்றுமையும்

கட்டுரையின் உடற்பகுதியில் படத்தைச் சுட்டும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. 'ரெஃப்' கட்டளை எண்ணை மட்டும் தரும். 'ஆட்டோரெஃப்' கட்டளை பெயரையும் எண்ணையும் சேர்த்துத் தரும். ஆங்கிலத்தில் பெயர் வேற்றுமையால் வடிவம் திரிவதில்லை ஆதலால் பின்னது அங்கே பொருந்துகிறது. தமிழிலோ படம் என்பது உருபேற்கும்போது படத்து எனத் திரியும்: படத்தை, படத்தில், படத்திற்கு. மலையாளச் சித்ரம் என்பதும் சித்ரத்தில் எனவே வரும். கட்டளைக்குள் உறைந்துவிட்ட 'படம்' திரிபேற்காது. எனவே 'படம் 3 இல்' என உருபு தனித்து நிற்கும் தொடர்களே அச்சில் மிகுகின்றன.

இதற்குத் தமிழ் எண்ணுப்பெயர்களின் அமைப்பே தீர்வு தருகிறது. ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்ணுப்பெயர்கள் அனைத்தும் உகர ஈற்றின. அவ்வுகரம் உயிர்முதல் உருபுகளுக்கு முன் கெடுவதால், -ஆம், -இல், -ஐ என்பவை எந்த எண்ணோடும் வடிவம் மாறாது ஒட்டும். ஆகவே 'ரெஃப்' தரும் எண்ணை அடுத்து இடைவெளியின்றி 'ஆம்' எனவும், பின்னர் 'படத்தில்' எனவும் எழுதினால், '3ஆம் படத்தில்' என்னும் இயல்பான தொடர் கிடைக்கும். இடையில் புதிய படம் சேர்ந்து எண் 4 ஆனாலும் தொடர் பிழைபடாது. 'மூன்றாம் படத்தில்' என எழுத்தால் எழுதினால் இப்பயன் இல்லை.

5. முடிவுரை

எண்ணிடுதல், பட்டியலிடுதல், இடம் தேர்தல் ஆகியவற்றை நிரலிடம் ஒப்படைக்கலாம். படம் என்னும் சொல்லின் திரிபையும், ஊர்ப்பெயர் எம்மொழியினரின் வழக்கு என்பதையும் எழுதுவோரே தம் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இருமொழி வழங்கும் எல்லைப்பகுதி ஆய்வுகளில், ஓர் ஊரார் தம் ஊரை எவ்வாறு அழைக்கின்றனர் என்ற செய்தி சில வேளைகளில் படக்குறிப்பின் ஒற்றைத் தொடரில் மட்டுமே காக்கப்படுகிறது.